பாவாவின் சர்வீஸுக்கு ஓர் அரோகரா

பந்து என்னைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்த கம்பி வலையில் மோதிய சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் ராக்கெட்டைத் தூக்கினேன்.

"அது போய்ச் சேந்துடுச்சு டாக்டரம்மா. இப்ப யார அடிக்கப் போற?" என்றார் எதிரே நின்ற பாவா.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் கிளப்பின் பின்பக்கம் ஒரு சிமென்ட் கோர்ட் உண்டு. நடுவில் ஒரு விரிசல், அதில் எந்த நேரமும் எறும்பு. பக்கத்து டீக்கடையில் முதல் ஈடு வடை வெந்துகொண்டிருந்த வாசனை வலையைத் தாண்டி வந்தது எனக்குத் தெரிந்தது. பந்து வந்ததுதான் தெரியவில்லை.

பாவா இன்னொன்று போட்டார். அதுவும் போனது. அடுத்ததற்கு நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாவது தோற்றுப் போ என்று சொல்லிவிட்டு, அவர் டவுசர் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து நிதானமாக முடியை வாரிக்கொண்டார்.

இந்தக் கதையே அந்த முடியைப் பற்றியதுதான்.

முடியும் அதன் சொந்தக்காரரும்

பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் ஆந்திரா கூப்பிடு தூரம். அதனால் அப்பா நைனா ஆகிவிடுவார், அக்கா வீட்டுக்காரர் பாவா ஆகிவிடுவார். பாவாவைக் கிண்டல் செய்வது மச்சினிச்சிக்கு உள்ள பிறப்புரிமை. எந்தக் கோர்ட்டும் அதில் தலையிட முடியாது, சிமென்ட் கோர்ட் உட்பட.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார். சென்னையில் காலேஜ் படித்த காலத்தில் டென்னிஸ் ஆடினவர். நல்ல உயரம். பந்தை மேலே போட்டு, முதுகை வளைத்து, ஓங்கி ஓர் அடி கொடுத்தால், அது தரையைத் தொட்டதா இல்லையா என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்.

ஊரில் எல்லாரும் அவருடைய சர்வீஸைப் பற்றிப் பேசுவார்கள். அவர் தன் முடியைப் பற்றிப் பேசுவார். ஐம்பதைத் தாண்டியும் நெற்றி ஒரு விரல்கூடப் பின்வாங்கவில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. தறி ஓடும் சத்தத்தில் அந்தப் பேச்சு யாருக்கும் கேட்காது என்பதால், ஷெட்டில் ஒரு கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறார். அவருக்கு முதல் சம்சாரம் அந்த முடிதான், தான் இரண்டாந்தாரம் என்பாள் அக்கா.

நான் மாட்டு டாக்டர். இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு அது தெரியும். போன வாரம் எழுதிய சினை எருமைக் கதையைப் படித்துவிட்டு நிறையப் பேர் போன் செய்து எருமை நலமா என்று கேட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எருமை நலம். நானும் நலம்தான்.

நலமில்லாமல் இருந்த ஒரு காலமும் உண்டு. மார்பில் ஒரு கட்டி வந்தது. அதை எடுத்தார்கள், அப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். தலையில் ஒரு முடி மிஞ்சவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் என் வலது தோள் மட்டும் யாரோடோ கோபித்துக்கொண்டது போல இறுகியே கிடந்தது. கையை வீசி ஏதாவது விளையாடு என்றார்கள். மறு வாரமே பாவா ஒரு ராக்கெட்டோடு வந்து நின்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரும் அக்காவும் திருத்தணிக்கு வருவதும், அவர் பந்து போடுவதும், நான் பொறுக்குவதும் வழக்கமாகிவிட்டது.

முடி மெல்ல வளர்ந்தது. காதைத் தாண்டியது, கழுத்தைத் தாண்டியது, எலிவால் மாதிரி ஒரு பின்னல் போடும் அளவுக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் அக்கா என்னை உட்கார வைத்து அதற்கு எண்ணெய் தேய்ப்பாள். அவள் முடி இடுப்பைத் தாண்டும். அதற்குக்கூட அவள் அத்தனை அக்கறை காட்டியதில்லை.

மலையைப் பார்த்துச் சொன்னது

அன்றைக்கு ஒரு பந்தையும் தொட முடியாத ஆத்திரத்தில், உங்கள் சர்வீஸ் கேம் ஒன்றை ஜெயித்துக் காட்டுகிறேன் என்று பாவாவிடம் சவால் விட்டேன். ஒருவரே தொடர்ந்து சர்வீஸ் போடுகிற ஒரு சுற்றுக்குப் பெயர்தான் கேம். பாவா சர்வீஸ் போட்ட கேமை எங்கள் கிளப்பில் ஆண்பிள்ளைகளே ஜெயித்தது கிடையாது.

பாவா வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ ஜெயிச்சிட்டா நான் மொட்ட போட்டுக்கிறேன் போ" என்றார். சும்மா சொல்லவில்லை, கையை நீட்டிச் சொன்னார். கை நீண்ட திசையில் மலை இருந்தது.

திருத்தணிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு ஊரில் மொட்டை என்பது வெறும் பேச்சு. கிரிக்கெட்டுக்கும் எலெக்‌ஷனுக்கும் ஆயிரம் பேர் மொட்டை போடுவதாகச் சொல்வார்கள், மறுநாள் அதே கிராப்போடு அலைவார்கள். இங்கே மலையைப் பார்த்துக் கையை நீட்டி அந்த வார்த்தையைச் சொன்னால் சொன்னதுதான். மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கோர்ட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, மலையப் பாத்து சொல்லிட்டீங்க. இது இனிமே பந்தயம் இல்ல. வேண்டுதல்."

பாவாவின் கை தானாகத் தலைக்குப் போனது. ஆவணியில் அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் வருவார்கள், போட்டோக்காரர் வருவார், முடிக்குப் பொருத்தமாக ஒரு கோட்டு வேறு தைக்கக் கொடுத்திருந்தார். ஆடியில் மொட்டை போட்டால் ஆவணிக்குள் என்ன வளர்ந்துவிடும்?

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை. ஜெயிக்காவிட்டால் நான் மொட்டை என்று நானும் கையை மலைப்பக்கம் நீட்டிவிட்டேன். எனக்கு மொட்டை புதுசா என்ன, ஏற்கெனவே பார்த்த படம்தானே என்று ஒரு வசனம் வேறு.

பாவாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. அக்கா பூ கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிறு ஆட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஊரே கோச்

விஷயம் டீக்கடை வழியாக ஊருக்குள் போனது. அப்புறம் எனக்குக் கிடைத்த யோசனைகள் கொஞ்சமா? கிளப்புக்கு வரும் வக்கீல் ஒருவர் முட்டியை மடக்கச் சொன்னார். திருவாலங்காட்டிலிருந்து வருகிற ஒரு கரும்பு விவசாயி, வேகமான சர்வீஸுக்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும் என்றார். அவர் சொன்ன இடத்தில் நின்றால் நான் டீக்கடைக்குள்தான் நிற்க வேண்டும். ஆனால் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஒன்று உண்டு: ரிலாக்ஸா இருங்க மேடம்.

ரிலாக்ஸாக இரு என்று யாராவது சொல்ல வேண்டியதுதான், என் தோள் காதுவரை ஏறிவிடும். ராக்கெட்டைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிடும். அதற்குள் பந்து வலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே ரிலாக்ஸாக நிற்பதுதான். உதைக்கிற மாட்டின் பின்னங்கால் பக்கம் நின்று பாருங்கள். நம் கை இறுகினால் மாட்டுக்குத் தெரிந்துவிடும், அதுவும் இறுகும், அப்புறம் உதைதான். முதுகில் தட்டிக்கொடுத்து, அதன் சொந்தபந்தங்களை எல்லாம் விசாரித்து, அது பெருமூச்சு விடுகிற நேரம் பார்த்து ஊசியை இறக்குவேன். இத்தனை வருஷத்தில் எந்த எருமைக்கும் பயந்ததில்லை. ஒரு மஞ்சள் பந்துக்குப் பயந்தேன்.

பயம் பந்தால் வந்ததில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று அந்த எலிவால் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தபோது எனக்கே புரிந்தது. எனக்கு அது வேண்டும். மொட்டை புதுசா என்று வாய்தான் சொன்னது. முதல் தடவை தலையணையில் கொத்துக் கொத்தாக முடியைப் பார்த்த காலை எனக்கு மறக்கவே இல்லை. இன்னொரு முறை அந்தத் தலையோடு கண்ணாடி முன்னால் நிற்க எனக்குத் தெம்பில்லை. வேண்டுதலை வேண்டாமென்று சொல்லவும் தெம்பில்லை. ஜெயித்தாக வேண்டும்.

கே.ஜி.கண்டிகையில் கிடைத்த பதில்

ஆடி பிறந்தது. கே.ஜி.கண்டிகையில் ரோட்டோரம் ஒரு ஜெர்சி மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். காவடிக் கூட்டம் ஒன்று பம்பை அடித்துக்கொண்டு வந்தது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, பன்னீரும் வேர்வையும் கலந்த வாசனை. முன்னால் போனவர் குரல் கொடுத்தார்: "வெற்றிவேல் முருகனுக்கு!"

"அரோகரா" என்றேன், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மாட்டைப் பிடித்திருந்தவரும் சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சொன்னார்கள். செல்போனில் யாரையோ கண்டபடி திட்டிக்கொண்டிருந்த ஓர் ஆட்டோக்காரர், திட்டை நிறுத்தி அரோகரா சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் கவனித்தேன், என் வலது தோள் இறங்கியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். அரோகரா சொல்ல யாராவது தயாராகிறார்களா? முந்திக்கொண்டு யாரும் சொல்வதில்லை, பிந்தியும் சொல்வதில்லை. கூப்பிட்ட குரல் முடிகிற இடத்தில் பதில் தானாக எழும்புகிறது. சொல்லும்போது மூச்சு மொத்தமும் வெளியே போய்விடுகிறது, உடம்பு இறுகுவதற்கு வழியே இல்லை. பாவா போடுகிற சர்வீஸும் ஒரு கூப்பாடுதானே? அதற்கும் பதில்தானே வேண்டும்?

மாட்டுக்காரர், என்ன டாக்டரம்மா தனியாகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். மாடு நல்லா இருக்கு என்றேன்.

அடுத்த ஞாயிறு பாவா பந்தை மேலே போட்டார். வெற்றிவேல் என்றேன் வாய்க்குள். அவர் ராக்கெட் பின்னாலிருந்து சுழன்று வந்தது. முருகனுக்கு. அந்த 'க்கு'வில், அவர் அடிக்கிற அதே நொடியில், என் கால் லேசாக ஒரு குதி குதித்து நின்றது. பந்து தரையில் பட்டு எழுந்தது. அரோகரா என்று மூச்சை விட்டேன்.

பந்து ராக்கெட்டில் பட்டது. பட்டு, நேராக டீக்கடைக்குப் போய் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. அடுத்தது நெட்டில். அதற்கடுத்தது, நான் கையை ஓங்காமல் வந்த வேகத்தையே திருப்பிக் கொடுத்தபோது, பாவாவின் காலடியில் போய் விழுந்தது. அவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா மொணமொணன்னு சொல்லிகினு இருக்க?"

"வாய்ப்பாடு பாவா. மறந்துபோகாம இருக்கணும்ல."

டீக்கடைக்காரர் மறுநாளே சட்டிக்குப் பெரிய மூடி ஒன்று வாங்கினார்.

அந்த ஞாயிறு

ஊர் முழுக்கப் பூக்காவடி. கிளப் ஓரத்து ரோட்டில் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கோர்ட்டைச் சுற்றியும் ஒரு சின்னக் கூட்டம். முந்தின வெள்ளிக்கிழமை அக்கா தனியாக மலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். மகள் நிச்சயதார்த்தம் நல்லபடி நடக்க வேண்டும் என்று கும்பிடப் போனாள் என நினைத்துக்கொண்டேன். அவள்தான் அம்பயர். இத்தனை வருஷம் பூ கட்டிக்கொண்டே பார்த்ததில் ரூல் எல்லாம் அத்துபடி. நாற்காலியை நெட் ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு கேம். ஜெயிக்க நாலு பாயின்ட் வேண்டும். மூன்றும் மூன்றுமாகச் சமம் ஆகிவிட்டால், அதற்குமேல் யார் தொடர்ந்து இரண்டு எடுக்கிறாரோ அவருக்கு.

முதல் இரண்டு பாயின்ட்டும் பாவாவுக்கு. வெற்றிவேலைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அப்படித்தான் ஆகும். மூன்றாவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டேன், எருமை விடுகிற மாதிரி. பந்து திரும்பிப் போனது. அவர் எதிர்பார்க்கவில்லை, தடுமாறி நெட்டில் அடித்தார். அடுத்ததும் எனக்கு. பிறகு அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றும் மூன்றும். அடுத்தது பந்தா மின்னலா என்று தெரியாமல் வந்தது, என் ராக்கெட்டில் பட்டு அவருக்கு எட்டாத மூலையில் போய் விழுந்தது. எனக்கே ஆச்சரியம்.

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

பாவா பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து ஒருமுறை வாரிக்கொண்டார். ஊருக்குப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி இருந்தது. முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்தது; இன்னொன்றும் ஃபால்ட் ஆனால் பாயின்ட் எனக்கு. மறுபடி பந்தைத் தட்டினார், மேலே போட்டார். நான் வாய்க்குள் ஆரம்பிப்பதற்குள் ரோட்டிலிருந்து ஒரு நிஜக் குரல் இடி மாதிரி வந்தது.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

"அரோகரா" என்றேன் நான். அக்கா சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். டீக்கடைக்காரர் சொன்னார். பாவாவும் சொன்னார். சொன்னதோடு விடாமல், பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். ராக்கெட் கீழே விழுந்தது. மேலே போன பந்து நிதானமாக இறங்கி வந்து, வாரிவிட்ட முடியின் நடு உச்சியில் டொக்கென்று உட்கார்ந்து எழுந்து போனது.

அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கோர்ட் கண்டதில்லை. வக்கீல் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபால்ட், ஃபால்ட் என்று என் கட்சிக்காரர்கள் கத்தினார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினாள்.

"சாமி பேர சொன்னா தப்பாவுமா? அவரு பந்த அடிக்கவே இல்ல. மறுபடி போடுங்க."

ரூல்படி அவள் சொன்னது சரி. ஆனாலும் கூடப்பிறந்தவளாயிற்றே என்று எனக்கு ஒரு நொடி கோபம் வந்தது. சிரிப்பு அதையும் அடித்துக்கொண்டு போனது. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே என் இடத்தில் போய் நின்றேன். இறுகுவதற்கு உடம்பில் ஓர் இடம் பாக்கியில்லை.

பாவாவும் சிரித்துக்கொண்டுதான் பந்தைப் போட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. முழு அடி, முழு வேகம். அது தரையில் பட்டு எழும்போது அதன்மேல் வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு எனக்குத் தெரிந்தது. அவருடைய சர்வீஸில் அந்தக் கோட்டை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அரோகரா. பந்து ஓரக்கோட்டை ஒட்டிப் பாவாவைத் தாண்டிப் போனது. கம்பி வலையில் மோதிய சத்தம் கேட்ட பிறகுதான் அவர் ராக்கெட்டைத் தூக்கினார்.

"அது போய்ச் சேந்துடுச்சு பாவா" என்றேன்.

அப்புறம் நான் கோர்ட்டைச் சுற்றி ஓடினேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. ஓடியிருப்பேன்.

மலைமேல்

கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு மலையேறினோம். மொட்டை போடும் மண்டபத்தில் ஈரச் சிமென்ட்டும் சந்தனமும் கலந்த வாசனை. பாவா சம்மணமிட்டு உட்கார்ந்து, பார்த்துச் செய்யுங்கள் என்று நாவிதரிடம் கேட்டுக்கொண்டார். மொட்டையில் என்ன பார்த்துச் செய்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் செல்போனைத் தயாராக வைத்திருந்தேன். அந்த முதல் வழிப்பு எனக்கு வீடியோவாக வேண்டும்.

அக்கா தலையிலிருந்த பூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். புருஷனுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்காருகிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தவள் பின்னலை அவிழ்த்தாள். சொம்பிலிருந்து தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

பெண்கள் பலர் பூமுடி என்று நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. பூமுடி போதுமா என்று பக்கத்து நாவிதர் கேட்டார்.

"இல்லீங்க. முழுசா" என்றாள் அக்கா.

நீ எதற்கு என்று கேட்டேன். வேண்டிக்கொண்டேன் என்றாள். நிச்சயதார்த்தத்துக்கா என்றேன்.

"உனக்கு. இவ முடி இன்னொரு வாட்டி போவக் கூடாது, வேணும்னா என்னுத எடுத்துக்கோன்னு வெள்ளிக்கெழம வந்து சொல்லிட்டுப் போயிட்டேன்."

பாவா நனைந்த தலையோடு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. "அம்பயரே கட்சி மாறியாச்சா?" என்றார்.

"அப்ப அந்தப் பாயின்ட்ட ஏங்க்கா மறுபடி போடச் சொன்ன?" என்றேன்.

"சாமிகிட்ட கேட்டுட்டு வந்து, கீழ நான் திருடலாமாடி?"

இரண்டு கத்தியும் ஒன்றாக இறங்கின. இடுப்பைத் தாண்டிய முடி ஈரத்தோடு சரிந்து, பாவாவின் முடிமேல் விழுந்தது. நான் வீடியோ எடுக்கவில்லை. படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்டம் குரல் கொடுத்தது, வெற்றிவேல் முருகனுக்கு என்று.

"அரோகரா" என்றார்கள் இருவரும், குனிந்த தலையோடு. ஆடாதீங்க, கத்தி பட்டுடும் என்று நாவிதர் அதட்டினார்.

என் கையில் அக்காவின் பூ. விவரம் தெரிந்த நாளிலிருந்து, ஊசி போடும்போதும், சோறு தின்னும்போதும், மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதும்கூடத் தவறாத பதில் அன்று வாயில் வரவில்லை. கூட்டம் படியேறிக் கடந்து போனது. பம்பைச் சத்தம் மண்டபத்தைத் தாண்டித் தேய்ந்தது. எல்லாரும் சொல்லி முடித்து வெகுநேரம் கழித்து, நான் மட்டும் தனியாக அரோகரா என்றேன்.

"லேட்டு டாக்டரம்மா" என்றார் பாவா.